வெயில் இருக்கும்போதே குருத்தைச் சேர்த்து வையுங்கள்

கேள்வி:

அக்கா, எனக்குச் சாயல்குடிப் பக்கம் ஒரு கிராமம். வயது 41. பனை ஓலைப் பெட்டி முடைவது அம்மாவிடம் கற்ற தொழில். நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து செய்கிறோம். தாம்பூலத்துக்குக் கொடுக்க மூடி போட்ட சாயப் பெட்டி 1,200 வேண்டும் என்று ஐப்பசியில் ஒரு கடைக்காரர் ஆர்டர் கொடுத்தார். ஒரு பெட்டிக்கு 40 ரூபாய். ஓலைக்கும் சாயத்துக்கும் 12 ரூபாய் ஆகிறது. நாளைக்கு ஒருவர் எட்டுப் பெட்டி முடைவோம். மழை விடவே இல்லை. ஓலை சரியாகக் காயவில்லை. எப்படியோ முடித்துக் கொடுத்தோம். 380 பெட்டியில் பூசணம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அம்மா காலத்தில் இப்படி நடந்ததே இல்லை. எங்கள் கைப்பக்குவம் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. ஓலை காய வைக்க வெயில் கூடாரம் போட்டால் எல்லாம் சரியாகும், 1,80,000 ரூபாய், கடனும் நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்று ஒரு கம்பெனி ஆள் வந்து போகிறார். திருப்பூரில் இருக்கும் நாத்தனார், பனியன் கம்பெனிக்கு வந்துவிடு, மகளையும் கூட்டிக்கொண்டு வா என்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். என்ன செய்யட்டும்?

பதில்:

தங்கச்சிக்கு வணக்கம்.

காத்திருக்க வைக்காமல் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடாரத்துக்கு இந்த வருஷம் கடன் வாங்காதீர்கள். திருப்பூர் போவதா வேண்டாமா என்பதைக் கை சுட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்தத் தை மாதத்தில் முடிவு செய்யாதீர்கள். கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் குருத்துக்கு, அதாவது பெட்டி முடைகிற விரியாத இளம் பனை ஓலைக்கு வாங்குங்கள். அது சின்னக் கடன். மாசி பாதியில் வாங்க வேண்டிய கடன்.

உங்கள் கைப்பக்குவம் எங்கும் போகவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த பக்குவம் அம்மா காலத்துக் காற்றுக்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழை அப்போதும் உண்டு. ஆனால் இரண்டு நாள் பெய்தால் மூன்றாம் நாள் வெயில் வரும், ஓலையை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இருந்தது. இப்போது மழை வருகிற விதமே மாறிவிட்டது. 2023 டிசம்பரில் உங்களுக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ராமநாதபுரம் மாவட்டம் ஒரு வருஷம் முழுக்கப் பெறும் சராசரி மழையே 82 சென்டிமீட்டர் அளவுதான். மறு வருஷம் நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். பக்கத்தில் கடலும் சூடாகிக்கொண்டிருக்கிறது. அந்த ஈரமெல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் இறங்குகிறது. மழை இல்லாத நாளிலும் இரவில் காற்று பிசுபிசுவென்று நிற்கிறது. ஓலைக்குப் பகை மழையைவிட அந்தப் பிசுபிசுப்புதான். மழையைப் பார்த்தால் உள்ளே எடுத்து வைப்போம். காற்றில் இருக்கும் ஈரம் கண்ணுக்குத் தெரியாதே.

இதை நானும் பட்டுத்தான் கற்றேன். 2021 ஜனவரியில் தென் மாவட்டங்களில் பொங்கலை ஒட்டி விடாமல் பெய்தது நினைவிருக்கும். அப்போது நான் கூடவே இருந்து வேலை பார்த்த ஒரு குழுவிடம் 600 பெட்டி தயாராக இருந்தது. மழையில் நனையக் கூடாது என்று நான்தான் எல்லாவற்றையும் பாலிதீன் உறையில் போட்டு வாயைக் கட்டச் சொன்னேன். பத்து நாள் கழித்துப் பிரித்தால் உள்ளே சாம்பல் பூத்தது போல் இருந்தது. கைக்குக் காய்ந்தது போலத் தெரிந்த ஓலைக்குள் ஈரம் இருந்திருக்கிறது. உறை அதை வெளியே விடாமல் பூட்டிவிட்டது. வெறும் சாக்கில் போட்டு வைத்த நாற்பது ஐம்பது பெட்டி மட்டும் தப்பியது. அந்தப் பெண்கள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அறுநூறும் இன்றுவரை மனதில் கிடக்கிறது.

அதற்கப்புறம் எந்தக் குழுவுக்குப் போனாலும் முதலில் வாங்கச் சொல்வது ஈரமானி. காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் சின்னக் கருவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வகிர்ந்து காய வைத்த ஓலையில் ஒரு பிடி எடுத்து, வாயகன்ற கண்ணாடிப் பாட்டிலில் கருவியோடு சேர்த்துப் போட்டு, இறுக மூடி, ஒரு இரவு வையுங்கள். காலையில் 60-க்குக் கீழே காட்டினால் அந்த ஓலையைக் கட்டி வைக்கலாம். 65-க்கு மேல் காட்டினால் திரும்பவும் வெயிலுக்குத்தான் போக வேண்டும். 70-ஐத் தாண்டிய இடத்தில் பூசணம் தாராளமாக வளரும். முடைந்து முடித்த பெட்டிக்கும் இதே சோதனைதான். முடையும்போது ஓலை ஒடியாமல் இருக்கத் தண்ணீர் தொட்டுக்கொள்கிறோம் இல்லையா, அந்த ஈரம் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மூடியைப் போட்டுவிட்டால் வெளியேற வழியில்லை. சாயம் போட்ட ஓலை வெள்ளை ஓலையைவிட மெதுவாகக் காயும் என்பதையும் கவனித்திருப்பீர்கள். உங்களுக்குத் திரும்பி வந்தது முழுக்கச் சாயப் பெட்டி.

இன்னொன்று, உங்கள் ஊர் கடலோரம். உப்புக்காற்று படிந்த ஓலை ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிக் காய வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சரி, இப்போது கூடாரம். அது ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. நல்ல கூடாரம் வெளியைவிடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுதல் சூட்டைப் பிடிக்கும். மழையையும் பனியையும் தடுக்கும். மீன், மிளகாய், முருங்கைக் கீரை என்று வருஷம் முழுக்க எதையாவது காய வைக்கிற முப்பது நாற்பது பேர் சேர்ந்த கூட்டமைப்புக்கு அது சரிப்பட்டு வரும். ஐந்து பேருக்கு 1,80,000 ரூபாய் தாங்காது. அதோடு, அது ஓடுவதும் வெயிலில்தான். கார்த்திகையில் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் மேகம் கவிந்து நின்றால் அந்தக் கூடாரமும் உங்களைப் போலவே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். விற்க வருகிறவரிடம், மேகமூட்டமான நாளில் எத்தனை கிலோ ஓலை எத்தனை மணி நேரத்தில் காயும், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். எழுதித் தர மாட்டார். தந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

உங்கள் பக்கத்தில் வெயிலுக்குக் குறைவே இல்லை. பங்குனியில் தொடங்கி ஆவணி வரை காய்கிறது. உங்களுக்கு ஆர்டர் வருவது ஐப்பசிக்கு மேல். வெயில் இருக்கும்போது வேலை இல்லை, வேலை வரும்போது வெயில் இல்லை. குருத்தை வெட்டுவது, காய வைப்பது, வகிர்வது, சாயம் காய்ச்சுவது, முடைவது எல்லாவற்றையும் மழைக்காலத்துக்குள் போட்டு அமுக்குகிறீர்கள். இதில் ஈரத்துக்குப் பயப்படாத வேலை எதுவும் இல்லை. ஆனால் முடைவதைத் தவிர மற்ற நான்கையும் கோடையிலேயே முடித்து, காய்ந்த சாய ஓலையாகக் கட்டி வைத்துக்கொள்ளலாம். நான் குருத்துக்குக் கடன் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஐந்து பேர், மழைக்கால மூன்று மாதத்தில் 50 நாள் வேலை, நாளைக்கு எட்டு. மொத்தம் 2,000 பெட்டி. நீங்கள் சொன்ன அளவுப் பெட்டிக்கு ஒரு குருத்தில் இரண்டு வரும் என்று வைத்தால் 1,000 குருத்து. ஒன்று 15 ரூபாய் என்றாலும் 15,000 ரூபாய். மகளிர் குழுவின் உள்கடனிலேயே புரட்டிவிடலாம். அதற்கு மேல் ரப்பர் வளையம் வைத்து மூடுகிற பெரிய பிளாஸ்டிக் டிரம் நான்கு, உள்ளே போட ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணி. நிறம் மாறுகிற வகையாக வாங்குங்கள். நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். வாணலியில் மெதுவாகச் சூடு காட்டினால் பழைய நிறத்துக்கு வந்துவிடும், திரும்பப் போடலாம். சமையல் வாணலி வேண்டாம், பழையது ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். பாட்டில் சோதனையில் தேறிய ஓலை மட்டும்தான் டிரம்முக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் என் பாலிதீன் கதை திரும்பவும் நடக்கும்.

காய வைக்க ஒரு ஏற்பாடு வேண்டும் என்றால் சவுக்குக் கம்போ மூங்கிலோ நட்டு, வெயிலைத் தாங்கும் பசுமைக்குடில் பாலிதீன் தாளை மேலே போட்டு, கீழே ஒரு சாண் இடைவெளியும் உச்சியில் காற்று போக வாயும் விட்டு, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வலைப் பரண் கட்டிக்கொள்ளுங்கள். பத்தாயிரம் ரூபாய்க்குள் இப்படி ஒன்றைக் கட்டிய குழுவை நான் பார்த்திருக்கிறேன். அந்த மேல் வாயை மறந்துவிட்டால் மட்டும் உள்ளே வியர்த்துக் கொட்டும். மழைக்காலத்தில் முடைந்த பெட்டியை மூடியைக் கழற்றிவிட்டு, மின்விசிறி ஓடும் அறையில் இரண்டு நாள் பரப்பி வைத்தால் போதும்.

அடுத்தது விலை. இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள், முடிந்தால் மற்ற நால்வரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். 40 ரூபாயில் 12 போனால் 28. எட்டுப் பெட்டிக்கு 224 ரூபாய் நாள் கூலி. ஒன்றுமே கழியாமல் போனால்தான் இது. இந்த முறை 1,200-இல் 380 கழிந்தது. எட்டில் ஐந்தரைதான் விலை போயிருக்கிறது. அப்படியானால் வரவு சுமார் 220. ஓலை, சாயச் செலவு எட்டுக்கும் சேர்த்து 96. கையில் நின்றது 120 ரூபாய் சொச்சம். பெய்த மழைக்கு முழுப் பணமும் நீங்கள் ஐந்து பேர் கட்டியிருக்கிறீர்கள். கடைக்காரர் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. மழையால் மண்டபத்துக்குப் பூ வரத் தாமதமானால் பூக்காரர் விலை ஏற்றுகிறார், கல்யாண வீட்டுக்காரர் கொடுக்கிறார். பெட்டி முடைகிற பெண் மட்டும் எதற்காக எல்லா நஷ்டத்தையும் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்?

நாளைக்கு 350 ரூபாயாவது நிற்க வேண்டும் என்று வைப்போம். ஒரு பெட்டிக்குக் கூலி 44 ரூபாய் வருகிறது. ஓலை, சாயம் 12. ஆக 56. பத்தில் ஒன்று கழியும் என்று ஒதுக்கினால் 62. கட்டுவதற்கும் அனுப்புவதற்கும் 3 ரூபாய் போட்டால் 65. இதுதான் உங்கள் விலை. கேட்டதும் கடைக்காரர் முகம் சுளிப்பார். ஆனால் 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் தடை செய்ததிலிருந்து ஓலைப் பெட்டியைத் தேடி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கருப்பட்டி மிட்டாய்க்காரரும் இயற்கை அங்காடிக்காரரும் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 65-க்கு வாங்க ஆள் குறைவாக இருந்தால் பெட்டியையும் குறைவாக முடையுங்கள். 40-க்கு நிறைய முடைந்து நஷ்டப்படுவதைவிட அது மேல். ஆர்டர் எடுக்கும்போது பாதிப் பணம் முன்பணம். ஐப்பசி முதல் மார்கழி வரை கெடுவுக்கு மேல் பத்து நாள் அவகாசம். பெட்டியைக் கொடுக்கிற இடத்திலேயே திறந்து பார்த்துக் கையெழுத்து. இவ்வளவையும் ஒரு காகிதத்தில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாக வேண்டாம். அவர்கள் கடைக் கிடங்கில் ஒரு வாரம் கிடந்து பூசணம் பிடித்தால் அதற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பு?

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எனக்கு அதுதான் கவலை. ஏறுவதற்கு ஆள் தேவைப்படாத வடலியில், அதாவது இளம் பனையில், பெண்களே குருத்து வெட்டிய காலம் இருந்தது. வடலிக் காடுகள் போனதும் குருத்து காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. பதநீர் இறக்குகிற மரத்தில் குருத்து கேட்டால் பனையேறி தர மாட்டார், அவர் சொல்வது நியாயம். பாளை சீவாத மரத்தையும் மிச்சமிருக்கும் வடலியையும்தான் நம்ப வேண்டும். பனை மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலைதான் விடும். வந்த குருத்தையெல்லாம் வெட்டினால் மரம் நொந்துபோகும். ஒன்றை வெட்டினால் அடுத்ததை விரிய விட்டுவிடுங்கள். 1,000 குருத்துக்கு எத்தனை மரம் வேண்டும் என்று இப்போதே ஊருக்குள் நடந்து எண்ணிப் பாருங்கள். யார் தோட்டத்து வடலி, வருஷக் குத்தகை எவ்வளவு என்று பேசி வையுங்கள்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் வீசியபோது தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்த இடத்தில் பனைகள் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். வறட்சிக்கும் புயலுக்கும் தாங்குகிற மரம் உங்கள் தொழிலுக்கு மூலப்பொருள் என்பது சாதாரண விஷயமில்லை. கோரையை நம்புகிறவர்களுக்கு ஆற்றில் தண்ணீர் வேண்டும். உங்கள் மரம் அதுகூடக் கேட்பதில்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. உங்கள் பக்கம் செங்கல் சூளைக்கு வெட்டு விழுந்தால் அதைச் சொல்லி எழுதிக் கொடுங்கள், ஐந்து பேரும் சேர்ந்து. ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை பொறுக்கிக் கண்மாய்க் கரையில் ஊன்றுங்கள். பனை முதலில் கிழங்கைக் கீழே இறக்குகிற மரம், பையில் வளர்த்துப் பிடுங்கி நடுவது சிரமம். கொட்டையை நேராக மண்ணில் போடுவதுதான் நல்லது. பலன் உங்களுக்குக் கிடைக்கச் சில வருஷம் ஆகும் என்பதை மறைக்கவில்லை.

கோடையில் முடைகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்திரை மதியத்தில் தகரக் கொட்டகைக்குள் உட்காராதீர்கள். காலை ஐந்து முதல் பத்து வரை, அப்புறம் மாலை நாலுக்கு மேல். காலை ஈரத்தில் ஓலையும் கைக்கு வளையும். மதிய வெயிலில் ஒடிகிற ஓலையோடு மல்லுக்கட்டித் தலைவலியோடு எழுந்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை.

அரசுப் பக்கம் இரண்டு விஷயம் போதும். மத்திய கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் தருகிற கைவினைஞர் அடையாள அட்டையை ஐவரும் வாங்குங்கள். கண்காட்சியில் கடை போட அது வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீத மானியம், மானியத்துக்கு 50,000 ரூபாய் உச்சவரம்பு என்று 2025-இல் தொடங்கிய திட்டம் அது. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்பதால் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் இந்த வருஷம் விசாரித்து மட்டும் வையுங்கள். ஒரு மழைக்காலத்தை டிரம்முக்குள் இருக்கும் ஓலையோடு கடந்து பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் வாங்கலாம்.

கடைசியாகத் திருப்பூர். நாத்தனார் நல்லெண்ணத்தில்தான் கூப்பிடுகிறார். மாதம் பிறந்தால் கையில் பணம் என்பது பெரிய நிம்மதி, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் வாடகை, போக்குவரத்து, ஊரில் ஒரு வீடு, அங்கே ஒரு வீடு என்று கழித்த பிறகு என்ன நிற்கும் என்பதை அவரிடமே எழுதி வாங்குங்கள். அதை 65 ரூபாய்க் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆவணி முடியும்போது டிரம் நிறைய ஓலை இருக்கிறதா, 65 ரூபாய்க்கு ஒரு 300 பெட்டியாவது போயிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் போய்விட்டு வாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மகளை மட்டும் இப்போது வேலைக்கு அழைத்துப் போகாதீர்கள். கல்லூரியோ, ஐடிஐயோ, அவள் படிக்கட்டும். பெட்டி முடைவதை அவள் எப்போது வேண்டுமானாலும் உங்களிடம் கற்றுக்கொள்ளலாம். படிப்பு அப்படிக் காத்திருக்காது. பில் எழுதுவதையும், கடைக்காரரோடு போனில் விலை பேசுவதையும், ஈரமானிக் கணக்கை நோட்டில் எழுதுவதையும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடம் கொடுங்கள். அவளுக்கு இதில் மனம் இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

திரும்பி வந்த 380-ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நல்ல வெயிலில் மூடியைக் கழற்றிக் காய வைத்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு துடையுங்கள். வெள்ளைப் பூசணம் போய்விடும், கரும்புள்ளி போகாது. எதுவானாலும் இனிச் சாப்பிடும் பொருளுக்குக் கொடுக்கக் கூடாது. மூடியில்லாமல் நாற்றுப் பெட்டியாக நர்சரிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். தக்காளி, கத்தரி நாற்றைப் பெட்டியோடு அப்படியே மண்ணில் வைத்துவிடலாம் என்று சொன்னால் அவருக்கும் விற்கச் சுலபம்.

அதில் ஒன்றை மட்டும் துடைக்காமல் எனக்குத் தபாலில் அனுப்புங்கள். புள்ளி மடிப்புக்குள் இருந்தால் ஓலை காயாமல் முடைந்திருக்கிறீர்கள், இல்லை முடையும்போது தொட்ட ஈரம் காயாமல் மூடியிருக்கிறீர்கள். வெளிப்பக்கம் மட்டும் இருந்தால் முடைந்த பிறகு எங்கோ ஈரத்தில் கிடந்திருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பிறகு அந்தக் கடைக்காரரிடம் என்ன பேசுவது என்று முடிவு செய்யலாம்.